சித்தி கண் திறந்த சாயங்காலம்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் யாரோ ஒரு மேஜிக் வீடியோ போட்டிருந்தீர்கள். கறுப்புச் சட்டை போட்ட பையன் ஒருவன் சிரிக்காமல், பேசாமல், துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றுகொண்டு சீட்டுகளை மறைய வைக்கிறான். அதற்குக் கீழே ஒருத்தி, "நம்ம கோயில் திருவிழாவுல கண்ணு தெறந்த அக்காவ யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். உடனே இருபது பேர் கைகூப்பும் படம் போட்டீர்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த அக்கா என் சித்தி. அன்றைக்கு மேடையில் அவள் பக்கத்தில் நின்றது நான். சித்தி, சித்தப்பா, அம்மா மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனிமேல் நான் வாயைத் திறந்தால் யார் பிழைப்பிலும் மண் விழாது. நம்புகிறவர்கள் தாராளமாக நம்பிக்கொண்டிருங்கள். நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான்.

சித்தப்பாவை நாம் முதலில் பார்த்தது ஒன்றாம் வகுப்பில். நம் தேயிலை எஸ்டேட் ஆண்டு விழாவுக்குப் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலிருந்து மேஜிக்காரர் வந்தார். கோட்டு, டை, உயரத் தொப்பி. வெயில் ஊர்க்காரர் நம் குளிருக்குக் கோட்டு போட்டு வந்தது ஒன்றுதான் அன்று அவர் செய்த புத்திசாலித்தனம். "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று ஆரம்பித்தார். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்திருந்த நம் அம்மாக்கள், யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தார்கள். தொப்பிக்குள்ளிருந்து எடுத்த புறா பறந்துபோய் ஃபேக்டரிக் கூரையில் உட்கார்ந்துகொண்டது. அவர் அதைக் கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டதற்குத்தான் அதிகக் கைதட்டல். சிரிக்காத ஒரே ஆள் சித்தி. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. மறு வாரமே அந்த மனிதரோடு ஜீப் ஏறிப் போய்விட்டாள்.

தாய் இல்லாத அந்தத் தங்கச்சியைத் தன் பங்குச் சோற்றைப் போட்டு வளர்த்தவள் என் அம்மா. செய்தி வந்தபோது பைப்படியில் குடத்தோடு நின்றாள். குடத்தைக் கீழே போட்டுவிட்டு லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "என் மூஞ்சியில கரியப் பூசிட்டுப் போனவளுக்குக் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்!" நம் லயங்களில் அந்தச் சாபம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழும். கோழிக்கு விழும், கங்காணிக்கு விழும், தண்ணீர் வராத பைப்புக்குக்கூட விழும். பலித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் அவ்வளவு தாராளமாக விட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த ஏப்ரலில் அவர்கள் திரும்பி வந்தார்கள். வண்டிப்பெரியாரிலிருந்து வரும் மூன்று மணி பஸ் ஃபேக்டரி வளைவில் நின்றது. முதலில் சித்தப்பா இறங்கினார். கோட்டு இல்லை, தொப்பி இல்லை. அவர் தோளில் ஒரு கையை வைத்தபடி, மறு கையால் காற்றைத் தடவிக்கொண்டு சித்தி இறங்கினாள். வெள்ளைச் சேலை, கறுப்புக் கண்ணாடி. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்த அம்மா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"காய்ச்சலுங்க அக்கா," என்றார் சித்தப்பா. "ரெண்டு மாசம் படுத்த படுக்கை. எந்திரிச்சு உக்காந்தப்பக் கண்ணு போயிருந்துச்சுங்க."

"எப்போ?" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

"கண்ணாலம் ஆன மறு வருசமுங்க."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். அன்றிலிருந்து சித்தியின் முகத்தைப் பார்த்து அவள் பேசவே இல்லை. கண் தெரியாதவளிடம் முகத்தை மறைத்துக்கொண்டு பேசிய ஒரே ஆள் உலகத்தில் என் அம்மாவாகத்தான் இருக்கும். லயத்திலோ அம்மா வருவதைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். கருநாக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள், இல்லையென்று சாதிக்காதீர்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த முதல் நிகழ்ச்சி உங்களுக்கு ஞாபகமிருக்கும். பாட்டு இல்லை, ஜிகினா இல்லை. மேடையில் ஒரு மர நாற்காலி, பக்கத்தில் சித்தி. சித்தப்பா கூட்டத்துக்குள் இறங்கி ஒருவரிடம் கைக்கடிகாரம் வாங்குவார், இன்னொருவரிடம் பொடி டப்பா, வேறொருத்தியிடம் ஜெபமாலை. ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரலில், "சொல்லும்மா" என்பார். சித்தி உடனே சொல்லமாட்டாள். தலை மெல்லச் சாயும், உதடு அசையும், நமக்கு மூச்சு முட்டும். பிறகுதான், "ஜெபமாலை... ஒரு மணி ஒடஞ்சிருக்கு" என்பாள். பின்வரிசைப் பெண்கள் விம்மினார்கள். ஆண்டவர் ஒரு கண்ணை எடுத்தால் இன்னொரு கண்ணைக் கொடுப்பார் என்று நம் வேதக்கோயில் உபதேசியாரே சொன்னார். எனக்கு மட்டும் ஏனோ குளிர்ந்தது. சித்தியை அந்த நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிற மாதிரி இருந்தது.

பேன்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. கோடை மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், வீட்டில் சித்தியும் நானும் மட்டும். என் தலை அப்போது பேன் பண்ணை. சித்தி என்னை மடியில் சாய்த்துத் தடவித் தடவிப் பேன் எடுத்தாள். கண் தெரியாதவள் விரலாலேயே எடுக்கிறாளே என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி அழுதிருக்கிறாள். நான் அப்பாவின் சவரக் கண்ணாடியை வைத்துக்கொண்டு பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி சற்றுத் திரும்பியது. சித்தியின் கறுப்புக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. அதற்கு மேலே இரண்டு கண்களும் நன்றாகத் திறந்து, என் வகிட்டில் ஓடிய பேனைத் துரத்திக்கொண்டிருந்தன. பேனைப் பார்த்துவிட்டால் எந்தப் பெண்ணால் விட முடியும்?

நான் கத்தியிருப்பேன். வாயைப் பொத்திவிட்டாள்.

"சொல்லிராதட்டி," என்றாள். "வந்த அன்னைக்கே அக்காகிட்டச் சொல்லியிருக்கணும். அவ ரோட்டுல உக்காந்ததும் எனக்கு நாக்கு எழும்பல. இப்பச் சொன்னா என்னய நாய விரட்டுற மாதிரி விரட்டுவா. அவரும் சும்மா விடமாட்டாரு."

நான் சத்தியம் செய்தேன். சித்தி பாவம் என்பதற்காக மட்டும் இல்லை. அம்மா உண்மையைத் தெரிந்துகொண்டு கோபத்தில் மறுபடியும் வாயைத் திறந்தால்? இந்தத் தடவை பலித்துவிட்டால்? எனக்குப் பத்து வயது. என் அம்மாவின் நாக்கைக் கண்டு நானும் பயந்தேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்பதைச் சித்தி அன்றே சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மறுநாள் அடுப்படியில் என்னை எதிரே உட்கார வைத்து, பெரிய மனுஷியிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"வித்தையெல்லாம் புஸ்தகத்துலயே போட்டிருக்குது அம்மிணி. ஆரு வேணும்னாலும் கத்துக்கலாம். மேடையில நிக்கற ஆளு ஆருங்கறதுதான் வித்தை. நான் அந்த ஆளத் தேடித்தான் இத்தன வருசம் அலைஞ்சேன்."

கோட்டு சரிப்படவில்லை. பிறகு மூக்கில் சிவப்புச் சாயம் பூசிக் கோமாளி ஆனாராம், பிள்ளைகள் கொய்யாக்காயால் அடித்தார்களாம். தலைப்பாகை கட்டி வடநாட்டுச் சாமியார் ஆனாராம். மூணாறில் ஒரு நிஜ வடநாட்டுக்காரர் மேடைக்கு வந்து இந்தியில் பேச்சுக் கொடுக்க, பின்பக்கமாக இறங்கி ஓடியதைச் சொல்லிச் சிரித்தார். சித்தி அப்போதெல்லாம் ஜிகினா ரவிக்கையும் சிரிப்புமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறாள் என்று கூட்டம் கத்தும். உண்மையில் அவள் பார்க்கத் தேவையே இல்லை. பதில் சித்தப்பாவின் கேள்வியிலேயே இருக்கும். 'சொல்லு' என்றால் கடிகாரம், 'சொல்லும்மா' என்றால் ஜெபமாலை, 'என்னது இது' என்றால் மோதிரம். கூடுதல் விவரத்துக்கு இருமல், செருமல்.

"ஒருக்கா உங்க சித்திக்கு மெட்ராஸ் ஐ வந்துபோச்சு. கண்ணு ரெண்டும் கோவப்பழம். நிகழ்ச்சிய நிறுத்த முடியாது. கறுப்புக் கண்ணாடியப் போட்டு நிறுத்திப்போட்டேன். வலியில சிரிக்க முடியல, பதில் சொல்லவும் நேரமாச்சு. அன்னிக்குச் சனம் மூச்சு உடல அம்மிணி. முடிஞ்சதும் ஒரு பொம்பள வந்து இவ கையப் புடிச்சு, கண்ணு எப்பம்மா போச்சுன்னு அழுகுது. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? உடனே சொன்னா மெசினு, கஷ்டப்பட்டுச் சொன்னாத்தான் மனுசி. பத்துல ஒண்ணு தப்பாச் சொல்லோணும். வெளியில போனாலும் கண்ண மூடியே இருக்கோணும். பஸ்ஸுல ஒருத்தன் பாத்துட்டான்னா அத்தனையும் போச்சு."

சொல்லி முடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து நடக்கச் சொன்னார். நடந்தேன். தலையைக் குனிந்து நடக்கச் சொன்னார். நடந்தேன்.

"இப்ப நான்தான் அவளக் கூட்டிட்டு வரேன். அது எடுபடல. இத்துனூண்டு புள்ள ஒண்ணு கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா..." என்று நிறுத்தினார். "தலைக்கு எண்ணெய் வைக்காத அம்மிணி. பரட்டையாவே இருக்கட்டும்."

அவர் அம்மாவிடம் நேரடியாகக் கேட்டிருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பாள். அவர் கேட்கவே இல்லை. லயத்துக்காரர்கள் மூலம் சாபக் கதை அவர் காதுக்கு வந்திருந்தது. அம்மா இருக்கும்போது பெருமூச்சு விட்டு, "நான் மேடையில நிக்கறப்ப இவளுக்கு ஒரு தொணை இல்லீங்களே. படியில உளுந்துட்டா ஆரு தூக்குவா?" என்பார். மூன்றே தடவை சொன்னார். நான்காவது நாள் அம்மா கோயிலுக்குப் போய்ப் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்ச்சை செய்துவிட்டு வந்தாள்.

"நாந்தான் அவ கண்ணப் பிடுங்கினேன். எம் பிள்ளையவே அவளுக்குக் கண்ணாக் குடுக்கேன்னு ஆண்டவருகிட்டச் சொல்லிட்டேன்," என்றாள் அப்பாவிடம். அப்பா வழக்கம்போல "சரி" என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை. ஆண்டவருக்குக் கொடுத்த வார்த்தையைத் திரும்பக் கேட்கிற பழக்கம் நம்மில் யாருக்கு உண்டு?

டி.சி. வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நன்னாயிட்டுப் படிக்குந்ந கொச்சாணு. எந்தினா டி.சி.?" என்று மலையாளத்தில் அம்மாவைக் கேட்டார், நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு எதற்கு டி.சி. என்று. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "குடும்பச் சூழ்நிலை, சார்" என்றாள். அவர் அதை அப்படியே எழுதினார். அந்தக் காகிதத்தை அம்மா நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று என் வாய் வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் சித்தி தெருவில் நிற்பாள், சொல்லாவிட்டால் நான் அம்மாவை விட்டுப் போக வேண்டும். கோயில் திருவிழா முடிந்த மறுநாள் காலை புறப்பாடு என்று முடிவாகியிருந்தது.

திருவிழாச் சாயங்காலம். இருட்டவில்லை, மஞ்சள் வெயில் கோயில் கோபுரத்தில் இருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை மேடையேற்றினார்கள். எண்ணெய் காணாத தலை, பழைய பாவாடை, செருப்பு இல்லை. சித்தியின் கை என் தோளில் இருந்தது. நாங்கள் நடந்து வந்ததுமே நீங்கள் எல்லோரும் "ஐயோ" என்றீர்கள். சித்தப்பா கணக்குப் போட்டது சரிதான். சித்தியின் விரல்கள் மட்டும் என் தோளைப் பிய்த்துவிடுகிற மாதிரி இறுகியிருந்தன.

கடிகாரம் ஆயிற்று, மோதிரம் ஆயிற்று. பிறகு சித்தப்பா முன்வரிசையில் இருந்த அம்மாவிடம் போனார். ஏதாவது தாருங்கள் என்றார். அம்மாவிடம் வேறு என்ன இருந்தது? ரவிக்கைக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அவருக்கு அது இன்னும் நல்லதாகப் போயிற்று. மேடைக்குக் கொண்டுவந்து சித்தியின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"என் கையில என்ன இருக்குதும்மா?"

காகிதம் என்று சொன்னால் போதும். சித்தி சொல்லவில்லை. தலை சாயவும் இல்லை. வழக்கமான நேரத்தைத் தாண்டியும் நின்றாள். சித்தப்பா இருமினார். மறுபடி கேட்டார். அவள் என் தோளிலிருந்து கையை எடுத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் கூசி நீர் வழிந்தது. அந்தத் தண்ணீரோடு வாசிக்க ஆரம்பித்தாள். என் பெயரை வாசித்தாள். அப்பா பெயரை வாசித்தாள். "அஞ்சாங் கிளாஸ் பாஸ்" என்று வாசித்தாள். "பள்ளியை விட்டுப் போகக் காரணம்: குடும்பச் சூழ்நிலை" என்று வாசித்துவிட்டு, "அக்கா, பிள்ளைய அனுப்பாத. எனக்குக் கண்ணு தெரியுது" என்றாள்.

உண்மையைத்தான் சொன்னாள். அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? "ஆண்டவரே!" என்று அம்மா போட்ட கூச்சலில் நீங்கள் எல்லோரும் முழங்காலில் விழுந்தீர்கள். யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை இழுத்தார்கள். "எனக்கு எப்பவுமே கண்ணு தெரியும்" என்று சித்தி கத்தியதை, அவளை ஒட்டி நின்ற நான் ஒருத்திதான் கேட்டேன்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். காகிதத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. முழங்காலில் நின்ற கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். பிறகு அவரும் மெதுவாக முழங்காலில் நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். மேடையில் நிற்க இத்தனை வருடம் தேடிய ஆள், அற்புதம் கண்ட புருஷனாக, அந்த இடத்தில்தான் அவருக்குக் கிடைத்தார்.

கோயில் ஃபாதர் நம்பவில்லை. "டாக்டர்கிட்டக் காட்டின சீட்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருந்தால்தானே? கோயில் வளாகத்தில் இனி மேடை கிடையாது என்று சொல்லிவிட்டார். சித்தப்பா கவலைப்படவில்லை. மைதானங்கள் இருந்தன, கல்யாண மண்டபங்கள் இருந்தன. "ஆனா சாட்சி இல்லாத அற்புதம் செல்லாதுங்க அக்கா," என்றார். "சாபம் உட்டவங்களே வந்து சொன்னாத்தானுங்க சனம் நம்பும்."

என் டி.சி. திரும்ப ஹெட்மாஸ்டர் மேசைக்குப் போயிற்று. நான் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தேன். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக் குதித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், அடுப்படியில் சித்தப்பா என் அம்மாவை எதிரே உட்கார வைத்திருந்தார்.

"அவிஞ்சு போகட்டும்னு சொல்லறதுக்கு முன்னாடி நிறுத்திப்போடுங்க அக்கா. சனத்தப் பாருங்க. அப்பறம் மெதுவாச் சொல்லுங்க. கத்தாதீங்க."

"அன்னைக்குக் கத்தித்தான சொன்னேன்?"

"அன்னிக்குக் கத்துனது நெசமுங்க. மேடையில கத்துனா நடிப்பாட்டத் தெரியும்."

அம்மா சொல்லிப் பார்த்தாள். மறுபடி சொல்லிப் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது சொன்னாள், துணி அலசும்போது சொன்னாள். சித்தி மூலையில் உட்கார்ந்து, அகலத் திறந்த கண்களோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அதற்கு நடந்ததைக் கண்ட பிறகு அவள் அதிகம் பேசவில்லை.

முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா அவர்களோடு மேடைக்குப் போனாள். பிறகு சனியும் ஞாயிறும். பிறகு எஸ்டேட் வருகைப் பதிவான செக்ரோலில் அம்மாவின் பேரை அடிக்கிற அளவுக்கு லீவு ஆயிற்று. நான் ஒருமுறை பார்க்கப் போனேன். வெள்ளைச் சேலையில் அம்மா மைக்கின் முன்னால் நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் பேசி யாரும் நின்று கேட்டதில்லை. கங்காணி கேட்டதில்லை, அப்பா கேட்டதில்லை, நானே கேட்டதில்லை. அன்று ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். தன் சாபத்தைச் சொன்னாள், சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், பெண்கள் விம்மினார்கள். அவர்களைப் பார்த்த அம்மாவின் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. நான் தனியாக லயத்துக்குத் திரும்பினேன். பள்ளிவிட்டு வந்து நானே உலை வைத்து, நானே தின்று, அப்பாவுக்கும் மூடிவைத்தேன். வருடங்கள் அப்படியே போயின.

பத்தாம் வகுப்பில் எனக்குத் துணிச்சல் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டில் இருந்தாள். உண்மையைச் சொன்னால் அம்மா திரும்பி வந்துவிடுவாள் என்று நிச்சயமாக நம்பினேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, சித்திக்கு எப்பவும் கண்ணு தெரியும். ஒரு நாளும் போனதே இல்ல. எனக்குப் பேன் எடுக்கையில நானே பாத்தேன். உன் சாபம் பலிக்கவே இல்லம்மா."

அம்மாவின் கையில் சீப்பு இருந்தது. அது நின்றது. அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், கட்டிப்பிடித்து அழுவாள் என்றும் நினைத்தேன். "வேற யாருகிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சொல்லாத," என்றாள். சீப்பு மறுபடியும் அசைந்தது. "நாளைக்கு மூணாறுல கூட்டம் இருக்கு. விடியக்காலம் பஸ்ஸு. அந்த வெள்ளச் சேலைய மடிச்சு வையி."

நான் எழுந்துபோய் மடித்து வைத்தேன்.